கறளுக்கு மேல் கறுப்புப் பெயின்ற்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள். பொனற்றைத் திறந்து, எல்லாம் விளங்கின மாதிரித் தலையாட்டுவார்கள். ஏசியைப் போட்டு முகத்தைக் காட்டுவார்கள். விரலை மடக்கிக் கதவில் தட்டி, பட்டி வைச்சிருக்கோ எண்டு காது குடுப்பார்கள். எத்தனையாவது ஓனர், மீற்றர் எவ்வளவு, லீசிங் முடிஞ்சுதோ, நம்பரைக் கூட்டினால் என்ன வருது என்று எல்லாம் கேட்பார்கள். ஆனால் முழங்காலை மண்ணில் வைத்துக் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்கிற ஒருவரை நாங்கள் இன்னும் காணவில்லை. வெள்ளைச் சேட்டோடு வந்தவர் எப்படிக் குனிவார்?

விற்கிறவருக்கும் இது நல்லாத் தெரியும். கேட்காமலே சொல்லுவார்: "கீழ புல்லா அண்டர்கோட் அடிச்சிருக்கு அண்ணை, ஒரு பிரச்சினையும் இல்லை." வாங்க வந்தவருக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம். விளம்பரத்திலும் அது ஒரு பெருமையாகத்தான் வருகிறது, புது ரயர், புது பற்றறியோடு சேர்த்து.

நாங்கள் சொல்லுறது வேறு. இருபத்தைந்து வயசுக் காரின் அடிப்பக்கம் நேற்றுப் போட்ட தார் றோட்டு மாதிரி மினுங்கினால், அந்தக் காரை வாங்காமல் திரும்பி வருவதற்கு அதுதான் முதல் காரணம். கறளுக்கு மேல் அடிக்கிற கறுப்புப் பெயின்ற் திருத்த வேலை இல்லை. அது மறைப்பு. வெறும் மறைப்பு என்றால்கூடப் பரவாயில்லை, மறைத்ததை இன்னும் வேகமாக அரிக்க வைக்கிற மறைப்பு.

இதை நாங்கள் புத்தகம் படித்து அறியவில்லை. 2022 கடைசியில் எங்களில் ஒருவரின் வீட்டில் 1997 ஆம் ஆண்டு ஜப்பான் செடான் ஒன்று வாங்கினார்கள். 38 இலட்சம். அம்மம்மாவை மாதத்துக்கு இரண்டு தரம் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது, ஓட்டோவில் அவவுக்கு முதுகு ஏலாது. கார் வெளியே பார்க்க நல்ல வெள்ளை. கீழே நல்ல கறுப்பு. எட்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைநகருக்குப் போய் வரேக்க பொன்னாலைப் பாலம் தாண்டினதும் பின் ரயர் காத்துப் போயிற்று. ஜக்கை வைக்கவேண்டிய இடத்தில்தான் வைத்தோம். சுத்தச் சுத்த ஜக் மேல போகுது, கார் மேல வரேல்லை. பிறகுதான் குனிந்து பார்த்தால், ஜக்கின் தலை கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிப் பகுதிக்குள் (கராஜில் "சில்" என்பார்கள்) முழுசாகப் போய்விட்டிருந்தது. கையை விட்டு இழுத்தபோது வந்தவை: கறுப்புத் தோல், அதுக்குள்ள பட்டி, அதுக்குள்ள மடிச்சு அடைச்ச பத்திரிகைத் தாள். பத்திரிகையில் பாதித் திருமண விளம்பரம் வாசிக்கக் கூடியதாக இருந்தது. இரும்பு எண்டு சொல்ல ஒண்டும் இல்லை.

அண்டைக்குச் சிரித்தோம், உண்மையாகவே சிரித்தோம். அடுத்த கிழமை கராஜில் ஹொயிஸ்டில் ஏற்றி, டிங்கர் அண்ணை கறுப்பைச் சுரண்டத் தொடங்கினபோது சிரிப்பு நின்றுவிட்டது. பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பைப் பிடித்திருந்த கிளிப் இருந்த இடத்தில், பைப் பச்சை முருங்கைக்காய் மாதிரிப் பொருக்கு வெடித்து நின்றது. அந்தப் பைப்பின் முழுத் தடிப்பே ஐந்து மில்லிமீற்றர் வராது. அவர் இரண்டு விரலால் பிடித்து மெல்ல முறுக்கினார். முறிந்து பிரேக் ஒயில் வடிந்தது. "இதில தானே தம்பி நீங்கள் அம்மம்மாவைக் கொண்டு திரிஞ்சனீங்கள்?" என்று கேட்டார். பிரேக் இரண்டு சுற்றாகப் பிரிந்து இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது கொஞ்சம் பிடிக்கும் என்று பிறகு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எங்களுக்குப் போதவில்லை.

விற்றவரைத் தேடிப் போனோம். "நான் வாங்கேக்கயும் அப்படித்தான் இருந்தது" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் நினைக்கவில்லை. இந்த நோயின் இயல்பே அதுதான். ஒவ்வொருவரும் வாங்கும்போது கீழே பார்ப்பதில்லை, விற்கும்போது மட்டும் பார்க்கிறார்கள். பார்த்ததும் ஒரு பூச்சு. ஒரு காருக்கு ஆறு ஓனர் என்றால் ஆறு பூச்சு.

ஏன் அந்தப் பூச்சு கறளைக் கூட்டுகிறது என்று கேட்கிறவர்களுக்கு: இரும்பு கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். உப்பு இருந்தால் அந்த ஈரம் மின்னை நல்லாகக் கடத்தும், வேலை பல மடங்கு விரைவாக நடக்கும். கறள் என்பது பொருக்கு, கடற்பஞ்சு மாதிரி. ஈரத்தையும் உப்பையும் தனக்குள்ளே பிடித்து வைத்திருக்கும். அதைச் சுரண்டாமல், கழுவாமல், காயவிடாமல் மேலே தடிப்பாகத் தார்ப் பெயின்றை அடித்தால், பிடித்து வைத்த ஈரத்துக்கு ஒரு மூடி போட்டாயிற்று. வெயிலும் காற்றும் பட்டுக் காயக்கூடிய ஒரே வழியும் அடைபட்டுப் போச்சு. இன்னொன்று, கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூட இடம் பிடிக்கும். அதனால் உள்ளே வீங்கி, பூச்சை இரும்பிலிருந்து உரித்து மேலே தள்ளும். பூச்சு அறுபடாமல் தொங்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. பூச்சுக்கும் தகரத்துக்கும் நடுவில் மழைத்தண்ணி போய்த் தேங்கும்.

தடுப்புப் பூச்சு எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. புதுத் தகரத்தில், சுத்தமான தகரத்தில், தொழிற்சாலையில் அடிக்கிற பூச்சு வேறு. பிரச்சினை பெயின்றில் இல்லை, அது எதுக்கு மேல் போகிறது என்பதில்தான்.

இந்த இடத்தில் வழமையாக ஒருவர் வந்து சொல்லுவார்: "இஞ்ச உப்புக் காத்து. எந்தக் காருக்கும் கறள் பிடிக்கத்தான் செய்யும்." ஓம், உப்புக் காத்துத்தான். குடாநாட்டில் எந்த மூலையில் நின்றாலும் கடலோ கடனீரேரியோ தூரம் இல்லை. பண்ணைப் பாலத்தில் காற்றடிக்கும் நாளில் கண்ணாடியில் உப்புப் படிவதைத் துடைத்தவர்கள் நாங்கள். ஆனால் காத்தைக் குற்றம் சொல்லிவிட்டு நாங்கள் செய்வது என்ன? கசூரினா கடற்கரையில் ஈர மணலில் காரை இறக்கிப் படம் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து மேலே மட்டும் ஷாம்பு போட்டுக் கழுவுகிறோம், அதுவும் தீவுப் பக்கம் என்றால் உவர்க் கிணத்துத் தண்ணியில். உப்பைக் கழுவ உப்புத் தண்ணி! பிறகு அதே ஈரத்தோடு தகரக் கொட்டிலுக்குள் விட்டு, மேலே கவரும் போட்டு மூடுகிறோம். கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் தண்ணி வடிய வைத்த சின்ன ஓட்டைகள் வேப்பம் சருகாலும் செம்மண்ணாலும் அடைபட்டிருக்கும். கறள் பெரும்பாலும் வெளியே இருந்து உள்ளே போவதில்லை, இந்தப் பெட்டிகளுக்குள் தேங்கின தண்ணியில் பிறந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

கடல் இல்லாத ஊர்க் கார் என்று நம்பியும் ஏமாறாதீர்கள். வடக்கு ஜப்பானில் பனிக்காலத்தில் றோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பில் ஓடின கார் "ரீகண்டிஷன்" என்ற பெயரில் இங்கே வந்திருக்கலாம். ஜப்பான் ஏலத் தாளில் கறளுக்கு "எஸ்" என்றும் அரிப்புக்கு "சி" என்றும் குறி போடுகிறார்கள். தாள் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வந்தபோது தண்ணிக்குள் நின்ற கார்கள் எல்லாம் எங்கே போயின என்று யோசித்தும் பாருங்கள். கழுவி, காயவைத்து, கீழே கறுப்படித்து, கொழும்பைத் தெரியாத ஊர்களுக்கு விற்பதற்கு யாரும் பெரிய மூளைசாலியாக இருக்கத் தேவையில்லை.

இந்தப் பழக்கம் இவ்வளவு வளர்ந்ததற்கு ஒரு காரணம், எங்களுக்குக் கார் ஒரு வாகனமாக இல்லாமல் போனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், அதுவும் வாயைப் பிளக்க வைக்கிற வரியோடு. இடையில் ஐந்து வருடம் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. பத்து வருடத்துக்கு முன்பு வாங்கின விலையைவிடக் கூட விலைக்குப் பழைய கார் விற்றது. வேறு எந்த நாட்டில் இப்படி நடக்கும்? காணித்துண்டு மாதிரி, நகை மாதிரி, கார் ஒரு சேமிப்பு. சேமிப்பை யாராவது சுரண்டிப் பார்ப்பார்களா? சுரண்டினால் விலை குறையும். ஆகவே விற்கிறவரும், வாங்குகிறவரும், புரோக்கரும், காசு குடுக்கிற லீசிங் கொம்பனியும் எல்லோரும் சேர்ந்து கீழே பார்க்காமல் இருப்பதில் ஒரு பேசாத உடன்பாடு. மதிப்பீட்டுக்கு வருகிறவர் எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் பார்த்து நாலு படம் எடுத்துப் போவார். அந்த நாலு படத்தில் ஒன்றுகூடக் கீழே இருந்து எடுத்தது இல்லை.

அரசாங்கத்தையும் விட ஏலாது. ஒவ்வொரு வருடமும் வாகன வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்கிறோம். குழாயை விட்டு, புகையை அளந்து, தாள் தருவார்கள். நல்ல விஷயம், வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் புகை சரியாக வந்தால் போதும், நடுவால் முறியக்கூடிய காரும் றோட்டுக்கு வரலாம். தகுதிச் சான்றிதழ் பஸ்சுக்கும் லொறிக்கும்தான், சொந்தக் காருக்கு இல்லை. லண்டனில் இருக்கிற மாமாவை, சித்தப்பாவைக் கேட்டுப் பாருங்கள். அங்கே மூன்று வயது தாண்டின காருக்கு வருடா வருடம் எம்ஓரி பரிசோதனை. சீற் பெல்ற், சஸ்பென்ஷன், ஸ்ரியரிங் போன்றவை பூட்டின இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகரம் பலமிழக்கிற அளவுக்குக் கறள் இருந்தால் கார் பெயில். பட்டி வைத்து அடைத்தால் ஏற்கமாட்டார்கள், தகரம் வெட்டித் தொடர்ச்சியாக வெல்டிங் செய்ய வேண்டும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் சோதனை. அந்தக் காரையே நாங்கள் இங்கே கொண்டு வந்து, சோதனை எதுவும் இல்லாமல் இன்னும் இருபது வருடம் ஓட்டுகிறோம்.

இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் ஏழை எளியதுகளின் கார்தான் முதலில் றோட்டை விட்டுப் போகும், காசுள்ளவன் புதுக் கார் வாங்குவான் என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் வாதாடினார். அந்த வாதத்தை நாங்கள் இலேசாகத் தள்ளவில்லை. லஞ்சம் குடுத்துத் தாள் எடுக்கிற இன்னொரு கவுண்டர் திறக்கும் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் கறள் பிடித்த காரில் பிரேக் இல்லாமல் போகிறவனும் அந்த ஏழைதானே. குறைந்தது கார் கைமாறும்போதாவது ஒருமுறை ஹொயிஸ்டில் ஏற்றிப் படம் எடுத்துப் பத்திரத்தோடு வைக்கச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்?

அடுத்தது, எங்கட பழங்கார்ப் பக்தர்கள். "அந்தக் காலத்து இரும்பு தம்பி, இப்ப வாறது பிஸ்கட் ரின்" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லுவதற்கு ஒரு உரிமை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், மண்ணெண்ணெயில் ஓடி, ஆசுப்பத்திரிக்கு ஆக்களைக் கொண்டு போனவை அந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும்தான். ஆனால் அவை கறள் பிடிக்காததால் நிற்கவில்லை. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்கு அடியில் எங்கெங்கே கறள் பிடிக்கும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்: சில், குறுக்குச் சட்டம், பின் வில்லுத்தகடு பூட்டுகிற இடம். இங்கே அவை நின்றதற்குக் காரணம், வேறு வழியில்லாத மனிசர் வருடா வருடம் கீழே படுத்து, அழுகினதை வெட்டி, புதுத் தகரம் வைத்து ஒட்டினதுதான். புகழ வேண்டுமென்றால் அந்தக் கைகளைப் புகழுங்கள். இரும்பை அல்ல.

சரி, கார் கையில் இருக்கு, பழசு, விற்கவும் மனமில்லை, என்ன செய்யலாம்? முதலில் பயப்படாமல் கீழே போங்கள். ஜக்கில் மட்டும் நிற்கிற காருக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள், பிட் அல்லது ஹொயிஸ்ட் உள்ள சேர்விஸ் நிலையத்தில் கேட்டால் அரை மணித்தியாலம் விடுவார்கள். ஒரு ரோச் லைற், ஒரு பழைய ஸ்குறூ ட்றைவர் போதும். பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று சொல்லும், கெட்டது பொத்தென்று சொல்லும். ஜக் வைக்கிற நாலு இடம், சில் முழு நீளம், பின் சஸ்பென்ஷன் பூட்டின இடம், சக்கர வளைவின் உள் விளிம்பு, பிரேக் பைப்பும் பெற்றோல் பைப்பும் அவற்றின் கிளிப்புகளும். உள்ளே காப்பற்றைத் தூக்கி மணந்து பாருங்கள். ஊறின சாக்கு மணம் வந்தால் புளோர் ஈரம். டிக்கியில் ஸ்ரெப்னி ரயர் கிடக்கிற குழிக்குள்ளும் பாருங்கள்.

எல்லாக் கறளும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலே மண்ணிறமாகப் படிந்து, கம்பி பிரஸ் போட்டால் கீழே வெள்ளித் தகரம் தெரிந்தால், அது நேர்மையான கறள். பழைய காரில் அது இருக்கத்தான் வேணும், இல்லாட்டித்தான் சந்தேகப்பட வேணும். சுரண்டி, நல்ல தண்ணியில் உப்புப் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, கறளை மாற்றுகிற பொஸ்போரிக் அசிட் கலவை பூசி, பிறகு பிறைமர், பிறகுதான் மேல் பூச்சு. இந்த ஒழுங்கில் ஒன்றைத் தவறவிட்டாலும் காசு வீண். ஏடு ஏடாகக் கழன்று விழுந்தாலோ ஸ்குறூ ட்றைவர் உள்ளே போனாலோ பெயின்ற் கதை கதைக்கக் கூடாது. நல்ல தகரம் வரும் வரை வெட்டி, ஒட்ட வேண்டும். கார்த் தகரம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது, கேற் ஒட்டுகிற கறன்ற் வெல்டிங்கைக் கொண்டு வந்தால் ஓட்டை பெரிசாகும். மிக் வெல்டிங் உள்ள இடமாகப் பாருங்கள். பற்றறியைக் கழற்றாமல், பெற்றோல் ராங்கை இறக்காமல் நெருப்பு வைக்கத் தொடங்குகிறவரிடம் இருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒட்டி முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு அடிக்க வேண்டும், ஏனென்றால் வெல்டிங் சூட்டில் உள்ளே இருந்த பெயின்ற் எரிந்திருக்கும், புதுக் கறள் அங்கேதான் தொடங்கும். எங்கட கராஜ்களில் இதைக் கேட்டுச் செய்விக்க வேண்டியிருக்கிறது.

பழைய ஆக்கள் கழிவு ஒயில் அடிப்பார்கள். அது கறளுக்கு ஓரளவு வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் றப்பர் புஷ் எல்லாம் ஊறிக் கெடும், மிச்சம் சொட்டுச் சொட்டாக முற்றத்தில் விழும். சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் இருக்கிற ஊர் இது, முற்றத்தில் விழுந்தது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தைச் சுற்றிக் கிணறுகளில் ஒயில் வந்த கதையை மறந்திருக்க மாட்டீர்கள். காரைக் காப்பாற்றக் குடிதண்ணியைக் குடுக்க ஏலாது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நாங்களும் கறுப்புப் பெயின்ற் அடித்தவர்கள்தான். அடித்துமிருக்கிறோம். 2019 இல் எங்களில் இன்னொருவரின் அப்பா தன் வானை விற்றபோது, இரண்டு ரின் தார்ப் பெயின்ற் வாங்கி, சனிக்கிழமை முழுக்க வானுக்குக் கீழே கிடந்து அடித்தது நாங்கள்தான். நடுவில் தகரம் உரிந்து தொங்கின இடங்கள் இருந்தன. சுரண்டவில்லை. சுரண்டினால் ஓட்டை வரும் எண்டு தெரியும். "நல்லா வடிவா வந்திருக்கு" என்று அப்பா சொன்னார். பிளேன்ரீயும் வடையும் வாங்கித் தந்தார். வாங்கினவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற்றுகிறவர். அவர் கீழே பார்க்கவில்லை.

காரைநகர்ச் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்கு அந்த வான் நினைவுக்கு வந்தது. நினைவு வந்தும் ஒரு வருடத்துக்கு மேல் சும்மாதான் இருந்தோம். போன மாதம்தான் தேடிப் போனோம். வான் ஒரு ஒழுங்கை வாசலில் நின்றது, பின் கண்ணாடியில் பிள்ளைகள் ஒட்டின ஸ்ரிக்கர். அந்த அண்ணையிடம் நடந்ததை அப்படியே சொன்னோம், பேச்சு வாங்குவோம் என்ற எண்ணத்தோடுதான். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தெரியும் தம்பி. போன மாரிக்கு முதல் நானும் மேல ஒருக்கா அடிச்சனான்" என்றார். விற்கிற யோசனை இருந்ததாம்.

ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்த்தாயிற்று. இரண்டு பக்க சில்லும், ஓட்டுநர் காலடிப் புளோரும் வெட்ட வேண்டும். பிரேக் பைப் முழுசாக மாற்ற வேண்டும். பைப் வேலை மட்டும் அந்தச் சனி, ஞாயிறுக்குள்ளேயே முடிந்துவிட்டது. தகர வேலைக்கு வான் பத்து நாள் நிற்க வேண்டும், நின்றால் அவருக்கு வருமானம் இல்லை, பிள்ளைகளுக்கு வேறு வாகனம் இல்லை. ஆகவே டிசெம்பர் விடுமுறைக்கு நாள் குறித்திருக்கிறோம். தகரத்துக்கும் வெல்டிங்குக்கும் பாதிக் காசு எங்களுடையது, வடை தின்ற எல்லோரும் போடுகிறோம். அதுவரைக்கும் கிழமைக்கு ஒருமுறை நாங்கள் போய்க் கீழே படுத்துப் பார்க்கிறோம். அந்த அண்ணை ரோச் லைற் பிடிக்கிறார்.